சார்ஜ் என்றால் என்ன? கொக்கிரகுளத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி கொக்கிரகுளத்தில், ஆட்சியர் அலுவலகத்துக்குப் பக்கத்தில், மனு எழுதித் தருகிற, டைப் அடித்துத் தருகிற கடை என்னுடையது. வருகிறவர்கள் நீட்டுகிற காகிதம் கரண்ட் பில்லாக இருக்கும், மெமோவாக இருக்கும், பத்திரமாக இருக்கும். எதுவானாலும் அதில் எங்கோ ஓரிடத்தில் ‘சார்ஜ்’ என்று எழுதியிருக்கும், சந்தேகமும் அங்கேதான் வரும். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால்.

அண்ணாச்சி, சார்ஜ்னா கட்டணம்தானே? பொறவு போலீஸ்காரங்களும் ஏன் அதையே சொல்லுதாங்க?

கட்டணம் என்பது அதன் அர்த்தங்களில் ஒன்று, அவ்வளவுதான். லத்தீன் மொழியில் வண்டிக்கு இருந்த பெயரிலிருந்து, வண்டியில் பாரம் ஏற்றுவதற்கு ஒரு சொல் உண்டானது. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து சார்ஜ் ஆயிற்று. கார், கேரி, கார்கோ எல்லாம் அதே குடும்பம்.

ஆக, சார்ஜ் என்றால் அடிப்படையில் ஏற்றுவது. ஒருவர் மேல் பணம் கட்டும் பாரத்தை ஏற்றினால் கட்டணம். வேலையை ஏற்றினால் பொறுப்பு. பழியை ஏற்றினால் குற்றச்சாட்டு. துப்பாக்கியில் மருந்து ஏற்றினாலும் பேட்டரியில் மின்சாரம் ஏற்றினாலும் அதே சொல்தான். காகிதத்தில் சார்ஜ் என்று கண்டால் முதலில் ‘எதன் மேல் எதை ஏற்றியிருக்கிறான்’ என்று பாருங்கள். முக்கால்வாசி இடத்தில் விடை கிடைத்துவிடும்.

ஜங்ஷன்ல இருந்து தென்காசிக்கு பஸ் சார்ஜ் எவ்வளவுன்னு கேட்டா தப்பா?

தமிழ் பேச்சில் ஒரு தப்பும் இல்லை, கண்டக்டரே அப்படித்தான் சொல்வார். ஆங்கிலப் பரீட்சையில் எழுதினால் மார்க் போகும். பயணத்துக்குக் கொடுப்பது ஃபேர். டாக்டர், வக்கீல், பள்ளிக்கூடம், பரீட்சை இவற்றுக்கு ஃபீ. கடையில் வாங்கும் பொருளுக்கு ப்ரைஸ். அல்வாவுக்கு யாரும் சார்ஜ் கேட்பதில்லை. நாங்குநேரி சுங்கச்சாவடியில் கட்டுவது டோல். ஒருவர் செய்து தரும் சேவைக்கு வாங்குவதுதான் சார்ஜ்: டெலிவரி சார்ஜ், பார்க்கிங் சார்ஜ், நான் மனு எழுத வாங்குவது.

வினைச்சொல்லாக வந்தால் ஆள் முதலில், தொகை அடுத்து, எதற்கு என்பது ‘ஃபார்’ போட்டுக் கடைசியில். ‘ஹி சார்ஜ்டு மீ ஃபிஃப்டி ருபீஸ் ஃபார் த லெட்டர்.’ இந்த ‘ஃபார்’ பணத்துக்கான அடையாளம், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ‘வித்’ வந்தால் கதையே வேறு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

கரண்ட் பில்லுல சிசி சார்ஜ்னு ஒண்ணு, ஃபிக்சட் சார்ஜ்னு ஒண்ணு. ரெண்டு தடவை வாங்குதானா?

இல்லை, இரண்டும் இரண்டு விஷயத்துக்கு. சிசி என்பது கரண்ட் கன்சம்ப்ஷன், ஓடிய யூனிட்டுக்கான பணம். ஃபிக்சட் சார்ஜ் என்பது உங்களுக்காக இவ்வளவு கிலோவாட் ஒதுக்கி வைத்திருக்கிறோமே, அதற்கு. கடையை மாதக்கணக்கில் பூட்டி வைத்தாலும் ஃபிக்சட் சார்ஜ் வரும். ‘லைட்டே போடலையே, எதுக்குப் பணம்’ என்று சண்டைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கடை இணைப்பு வைத்திருப்பவர்கள்தான்.

சர்சார்ஜ்னா?

மேல்பாரம். ஏற்கெனவே இருக்கிற சார்ஜ் மேல் ஏற்றுகிற இன்னொரு சார்ஜ். கெடு தாண்டிக் கட்டினால் கரண்ட் பில்லிலேயே பார்க்கலாம்.

ஹோட்டல் பில்லுல சர்வீஸ் சார்ஜ் போட்டுட்டான். கவர்மெண்டு வரிதானே, கட்டித்தானே ஆகணும்?

வரி இல்லை. அரசுக்குப் போவது ஜிஎஸ்டி, அது 2017 ஜூலை 1 முதல் இருக்கிறது, அதைக் கட்டியாக வேண்டும். சர்வீஸ் சார்ஜ் என்பது ஹோட்டல்காரர் தானாக ஏற்றுவது. அதை பில்லில் தாமாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஹோட்டல்காரர்கள் அதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2025 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று சொல்லிவிட்டது.

ஆகவே ‘அதை எடுத்துட்டு பில் போடுங்க’ என்று தாராளமாகச் சொல்லலாம். பரிமாறிய பையனுக்குக் கையில் கொடுப்பது உங்கள் மனசு.

லைன் சார்ஜ் ஆயிருச்சுன்னு லைன்மேன் சொல்லுதாரு. கம்பிக்குமா சார்ஜ் போடுவாங்க?

கம்பியில் மின்சாரத்தை ஏற்றிவிட்டார்கள் என்று அர்த்தம். புதிதாக இழுத்த லைனையோ, பழுது பார்த்த டிரான்ஸ்ஃபார்மரையோ மறுபடி சப்ளையோடு இணைப்பதை மின்வாரியத்தில் ‘சார்ஜ் பண்ணுவது’ என்பார்கள். போன் சார்ஜ் மாதிரி எதுவும் சேமிக்கப்படுவதில்லை.

இதை ஏன் தனிக் கேள்வியாகப் போட்டேன் என்றால், உயிர் சம்பந்தப்பட்டது. உங்கள் வீட்டு இணைப்பு இன்னும் கொடுக்கவில்லை, அதனால் கம்பியில் கரண்ட் இருக்காது என்று நினைக்காதீர்கள். யாரும் பயன்படுத்தாமல் சும்மா இருக்கும் லைனும் சார்ஜ் ஆகி இருக்கலாம். அந்த வார்த்தை காதில் விழுந்தால் இரும்புத் தொரட்டியோடு பக்கத்து முருங்கை மரத்துக்குப் போகக் கூடாது.

போன்ல சார்ஜ் நூறுன்னு காட்டுது. நூறு என்னது?

நூறு சதவீதம். இந்த பேட்டரி எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவும் ஏறிவிட்டது. எவ்வளவு கொள்ளும் என்பதை எம்ஏஹெச், அதாவது மில்லி ஆம்பியர் மணி கணக்கில் எழுதியிருப்பார்கள். 5000 எம்ஏஹெச் என்றால் 5 ஆம்பியர் மின்சாரத்தை ஒரு மணி நேரம் தரலாம், அரை ஆம்பியரை பத்து மணி நேரம் தரலாம். இயற்பியல் பாடத்துக் கூலூம் கணக்கில் சொன்னால் 18,000 கூலூம்.

பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகள் இதில்தான் தடுமாறுகிறார்கள். பாடப்புத்தகத்தில் சார்ஜ் என்றால் மின்னூட்டம்; எலெக்ட்ரானுக்கு எதிர், புரோட்டானுக்கு நேர். அப்படியானால் சார்ஜ் ஏறிய போனில் மின்னூட்டம் கூடியிருக்குமா? கூடியிருக்காது. ஒரு முனையில் உள்ளே போகிற அளவுக்கே மறுமுனையில் வெளியே வருகிறது, மொத்தத்தில் பேட்டரி எப்போதும் சமநிலையில்தான் இருக்கும். கூடியிருப்பது ஆற்றல். வீட்டில் ‘சார்ஜ் போடுதேன்’ என்பதும் புத்தகத்தில் சார்ஜ் என்பதும் ஒரே சொல்லின் இரண்டு வேலைகள். பரீட்சையில் கலக்கக் கூடாது.

மின்சாரத்துக்கு இந்தச் சொல்லைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் பெஞ்சமின் பிராங்கிளின், 1740களில். பீரங்கிகள் வரிசையாக நிற்பதற்கு இருந்த ‘பேட்டரி’ என்ற பெயரையும் அவர்தான் மின்சாரத்துக்குக் கொண்டுவந்தார். இரண்டு சொல்லும் ராணுவத்தில் ஏற்கெனவே புழங்கியவை.

ரீசார்ஜ் பண்ணேன், ஆனா போன் ஆஃப் ஆயிருச்சே?

கேட்டவர் எண்பதை நெருங்குகிற பாட்டி. நெட்வொர்க் கணக்கில் பணம் ஏற்றுவதும் ரீசார்ஜ், பேட்டரியில் மின்சாரம் ஏற்றுவதும் ரீசார்ஜ். பாட்டி முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை எதிர்பார்த்திருக்கிறார். கிராம சபைக் காகிதத்தில் ‘கிரவுண்ட் வாட்டர் ரீசார்ஜ்’ என்று வந்தால் அது நிலத்தடி நீர் செறிவூட்டல். மழைத் தண்ணீரை பூமிக்குள் இறக்குவது.

ஃபிரிட்ஜுக்கு கேஸ் சார்ஜ் எட்டுனூறுங்கான். கேஸ் வெலையா, கூலியா?

‘கேஸ் சார்ஜ் பண்ணணும்’ என்றால் கேஸ் ஏற்றும் வேலை. பில்லில் ‘கேஸ் சார்ஜ் 800’ என்று எழுதினால் அந்த வேலைக்கான பணம். கேஸும் கூலியும் சேர்த்தா என்று கேட்டுக்கொள்வது நல்லது, சிலர் பிரித்துப் போடுவார்கள்.

கல்குவாரி நோட்டீஸ்ல சார்ஜுன்னு இருக்கு. வெடியா?

வெடியேதான். பாறையில் துளை போட்டு அதில் அடைக்கும் வெடிமருந்தின் அளவை சார்ஜ் என்பார்கள். பழைய பீரங்கியிலும் அதுதான்: குண்டைத் தள்ளிவிட உள்ளே அடைத்த மருந்து.

படைவீரர்கள் பாய்ந்து தாக்குவதற்கும் அதே சொல் என்பது வேடிக்கை. 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மேன் படை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்கு வந்ததை ஆங்கிலத்தில் எழுதினால், பீரங்கிக்குள் அடைத்ததும் சார்ஜ், கோட்டையை நோக்கி ஓடிவந்ததும் சார்ஜ். முன்னதை அடைத்தார்கள், பின்னதைச் செய்தார்கள். வாக்கியத்தில் வினை எது என்று பார்த்தால் குழப்பம் வராது. கிரிக்கெட்டில் பேட்ஸ்மேன் இறங்கி வந்து அடிப்பதையும், காளை முட்ட வருவதையும் சொல்வது இந்தப் பாய்ச்சல் அர்த்தத்தில்தான்.

லத்தி சார்ஜ்னா கம்புக்கு வாடகையான்னு எம் பையன் கேக்கான்.

நல்ல கேள்வி, பையனை அடக்காதீர்கள். மேலே சொன்ன பாய்ச்சல்தான். கம்போடு கூட்டத்தின் மேல் பாய்வது, தமிழில் தடியடி. ‘லத்தி’ இந்தியச் சொல் என்பதால் வெளிநாட்டுப் பத்திரிகைகளில் ‘பேட்டன் சார்ஜ்’ என்று போடுவார்கள். எங்கள் ஊரில் இந்தச் சொல்லைக் கேட்டால் 1999 ஜூலை 23 ஞாபகத்துக்கு வரும். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்த ஊர்வலத்தில் தடியடி நடந்து, தாமிரபரணிக்குள் போன 17 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு பிறந்த பிள்ளைகளுக்கு இது தெரிவதில்லை.

எங்க ஹெச்எம் ஹெச்எம்மே இல்லையாம், இன்சார்ஜாம். ரெண்டும் ஒண்ணில்லையா?

அரசு அலுவலகத்தில் ஒன்றில்லை. பதவி காலியாக இருக்கும்போது இன்னொருவர் அந்தப் பாரத்தைக் கூடுதலாகச் சுமப்பார். பெயர்ப் பலகையில் ‘தலைமை ஆசிரியர் (பொறுப்பு)’ என்று எழுதியிருப்பார்கள். எஃப்ஏசி என்று போட்டிருந்தால் ஃபுல் அடிஷனல் சார்ஜ், அதாவது முழுக் கூடுதல் பொறுப்பு. ‘அவர் ஒரு இன்சார்ஜ்’ என்று பெயர்ச்சொல்லாகச் சொல்வது இந்திய ஆங்கிலம். லண்டன்காரனுக்குப் புரியாமல் போகலாம், நம் ஊரில் எல்லோருக்கும் புரியும். மாற்ற வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

பரீட்சை எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. ‘இன் சார்ஜ் ஆஃப்’ என்றால் பார்த்துக்கொள்கிறவர். நடுவில் ‘த’ நுழைந்து ‘இன் த சார்ஜ் ஆஃப்’ ஆனால் பார்த்துக்கொள்ளப்படுகிறவர். டீச்சர் பிள்ளைகளுக்கு இன் சார்ஜ். பிள்ளைகள் டீச்சரின் ‘இன் த சார்ஜ்’. ஒற்றை எழுத்தில் யார் யாருக்குப் பொறுப்பு என்பது தலைகீழாகிவிடும்.

சிடிசி குடுத்துட்டு வான்னு ஆபீஸ்ல சொல்லுதாங்க. அது என்ன சம்பளக் கணக்கா?

சென்னையில் ஐடி கம்பெனிக்காரர் சிடிசி என்றால் வருடத்துக்கு அவருக்காக கம்பெனி செலவழிக்கும் மொத்தத் தொகை. அரசு அலுவலகத்தில் சிடிசி என்றால் சார்ஜை ஒருவர் கொடுத்து இன்னொருவர் வாங்கிக்கொண்டதற்கான சான்று. கொடுத்தவர், வாங்கியவர் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். தேதியோடு முற்பகலா பிற்பகலா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள், சம்பளமும் பணிக்காலமும் அதை வைத்துத்தான் கணக்காகும். சாவி, ரொக்கம், பதிவேடுகள் என்று எதையெல்லாம் ஒப்படைத்தீர்களோ அவற்றுக்குத் தனிப் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்வது பின்னால் வருகிற தலைவலியைத் தவிர்க்கும்.

அண்ணாச்சி, சார்ஜ் மெமோ வந்திருக்கு. உள்ள போட்டுருவாங்களா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவருக்கு முதலில் ஒரு டீ சொல்லிவிடுவேன். சார்ஜ் மெமோ துறைக்குள் நடக்கிற விவகாரம், போலீசுக்கும் சிறைக்கும் சம்பந்தம் இல்லை. தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 17 ஏ, 17 பி என்று இரண்டு வழி இருக்கிறது. 17 ஏ சிறு தண்டனைக்கானது. விளக்கம் கேட்டு முடிவெடுப்பார்கள். 17 பி பெரிய தண்டனைக்கானது. குற்றச்சாட்டுகளை வரிசையாக எழுதி, விசாரணை அதிகாரி வைத்து நடத்துவார்கள். வேலையை விட்டு நீக்குவது வரை போகலாம்.

பதில் எழுதும்போது எத்தனை சார்ஜ் இருக்கிறதோ அத்தனைக்கும் தனித்தனியாக எழுதுங்கள். ‘எல்லாம் பொய்’ என்று ஒரே வரியில் முடிப்பது வீரம் மாதிரி தெரியும், பலன் தராது. குறித்த நாளுக்குள் முடியாவிட்டால் அவகாசம் கேட்டு எழுதிக் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

சார்ஜ் ஷீட் போட்டாச்சுன்னா குற்றவாளின்னு முடிவு பண்ணியாச்சா?

கிடையாது. நடுவில் பல படி இருக்கிறது. எஃப்ஐஆர் என்பது புகாரைப் பதிவு செய்தது. போலீஸ் விசாரித்து முடித்து நீதிமன்றத்தில் கொடுக்கும் இறுதி அறிக்கையைத்தான் சார்ஜ் ஷீட், குற்றப்பத்திரிகை என்கிறோம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தில் அது 193ஆம் பிரிவு, பழைய சட்டத்தில் 173.

அது போலீஸ் ஏற்றிய பாரம். நீதிமன்றம் அதைப் படித்து, இரு பக்கமும் கேட்டு, இன்ன பிரிவில் இன்ன குற்றச்சாட்டு என்று தானே எழுதுவது அடுத்த படி: சார்ஜ் ஃப்ரேம் பண்ணுவது. கோர்ட் தமிழில் குற்றச்சாட்டு வனைதல். போலீஸ் எழுதிய பிரிவை நீதிபதி மாற்றலாம், சிலவற்றைக் கழற்றியும் விடலாம். அதற்குப் பிறகுதான் சாட்சி, வாதம், தீர்ப்பு. தீர்ப்பு வரும்வரை அவர் குற்றம்சாட்டப்பட்டவர், அவ்வளவே. சின்னச் சின்ன வழக்குகளில் இப்படி முறையாக வனைவது இல்லாமலே விசாரணை தொடங்கிவிடும்.

ரிமாண்டில் ஆள் இருக்கும்போது சார்ஜ் ஷீட்டுக்கு ஒரு கெடு உண்டு. மரண தண்டனை, ஆயுள் தண்டனை, பத்து ஆண்டும் அதற்கு மேலும் சிறை உள்ள குற்றங்களுக்கு 90 நாள், மற்றவற்றுக்கு 60 நாள். அதற்குள் போலீஸ் தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் கேட்பது அவருடைய உரிமை. கேட்டால்தான் கிடைக்கும், தானாக வராது. அதனால் வீட்டார் நாளை எண்ணிக்கொண்டு வக்கீலிடம் போகிறார்கள்.

‘சார்ஜ்டு வித்’னு இருந்தா கட்டாயம் கேசுதானா?

பெரும்பாலும் கேஸ்தான், ஆனால் எப்போதும் இல்லை. ‘வித்’துக்குப் பின்னால் திருட்டு, மோசடி என்று வந்தால் குற்றச்சாட்டு. தேர்தல் நடத்துவது, கணக்குப் பார்ப்பது என்று வேலை வந்தால் அந்தப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். தாசில்தார் ‘சார்ஜ்டு வித்’ நிவாரணம் வழங்குதல் என்று ஆங்கிலக் கடிதத்தில் இருந்ததைப் பார்த்து, தாசில்தார் மாட்டிக்கொண்டார் என்று ஒருவர் சந்தோஷப்பட்டார். பாவம்.

இன்னொன்று, ‘அக்யூஸ்டு’ வந்தால் ‘ஆஃப்’, ‘சார்ஜ்டு’ வந்தால் ‘வித்’. இதை மாற்றிப் போடாத ஆளைக் காண்பது அரிது.

பிஷப் சார்ஜ் கொடுத்தார்னு பழைய மிஷன் புத்தகத்துல இருக்கு. ஃபீஸா?

உரை. ஆயர் தம் குருமார்களைக் கூட்டி, அவர்கள் கடமை இது என்று ஆற்றும் முறையான உரைக்கு ஆங்கிலத் திருச்சபையில் சார்ஜ் என்று பெயர். கடமையை ஏற்றுவதால் அந்தப் பெயர். மெத்தடிஸ்ட் சபையில் ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைகளையே சார்ஜ் என்பார்கள். திருநெல்வேலித் திருமண்டலத்தில் அதற்குப் பக்கமான ஏற்பாட்டுக்கு சேகரம் என்ற நல்ல பெயர் ஏற்கெனவே இருக்கிறது.

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில டிஸ்சார்ஜ், கோர்ட்டுல டிஸ்சார்ஜ், பேப்பர்ல பாபநாசம் டேம்ல டிஸ்சார்ஜ். எல்லாம் ஒண்ணா?

டிஸ் என்றால் இறக்குவது, ஏற்றியதற்கு எதிர். ஆஸ்பத்திரி உங்களைத் தன் பொறுப்பிலிருந்து இறக்கிவிடுகிறது. அணை தண்ணீரை வெளியே விடுகிறது, அது விநாடிக்கு இத்தனை கன அடி. பேட்டரியிலிருந்து மின்சாரம் இறங்குவதும் அதே. டிஸ்சார்ஜ் சம்மரியின் உள்ளே ‘டிஸ்சார்ஜ் ஃப்ரம் த வூண்டு’ என்று இருந்தால் மட்டும் வேறு: புண்ணிலிருந்து நீரோ சீழோ வடிகிறது. ‘வீட்டுக்கு அனுப்பிட்டாங்கன்னு எழுதியிருக்கு’ என்று நினைத்து மருந்து போடாமல் விட்டுவிடாதீர்கள்.

கோர்ட்டில் கவனம் தேவை. சார்ஜ் ஃப்ரேம் பண்ணும் முன்பே, போதிய அடிப்படை இல்லை என்று வழக்கிலிருந்து இறக்கிவிட்டால் டிஸ்சார்ஜ், விடுவிப்பு. விசாரணை முழுதும் நடந்து குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்றால் அக்விட்டல், விடுதலை. பத்திரிகைகள் இரண்டையும் ஒன்றாக எழுதிவிடுகின்றன. பாஸ்போர்ட், வேலை விண்ணப்பங்களில் எழுதும்போது சரியான சொல்லைப் போடுங்கள்.

ஈசியில என் நெலத்து மேல சார்ஜ் இருக்குங்காங்க. நான் யார்கிட்டயும் அடமானம் வைக்கலையே?

வைக்காமலும் ஈசியில், அதாவது வில்லங்கச் சான்றில், வரலாம். சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882, 100ஆம் பிரிவு. ஒரு பணம் கொடுபட வேண்டியதற்கு இன்ன நிலம் ஜாமீன் என்று கட்டிப்போடுவது சார்ஜ். அடமானத்தில் நிலத்தின் மேல் ஓர் உரிமை கடன் கொடுத்தவருக்குப் போகிறது. சார்ஜில் அப்படி எதுவும் போவதில்லை, பணம் வராவிட்டால் அந்த நிலத்தின் மூலம் வசூலிக்கலாம், அவ்வளவுதான். வழக்கமாகப் பார்ப்பது பாகப்பிரிவினையில்: ‘மூத்தவர் தாயாருக்கு மாதம் இவ்வளவு ஜீவனாம்சம் தர வேண்டியது, அதற்கு அவர் பாகத்து நஞ்சை பொறுப்பு’ என்று ஒரு வரி இருக்கும். அப்பா காலத்தில் எழுதியதைப் பிள்ளைகள் படித்தே இருக்க மாட்டார்கள்.

சார்ஜ் இருப்பது தெரியாமல் விலை கொடுத்து வாங்கியவரிடம் அதை அமல்படுத்த முடியாது என்று அதே பிரிவு சொல்கிறது. ஆனால் பதிவான பத்திரத்தில் இருந்தால் தெரியாது என்று சொல்வது கடினம். அதனால் ஈசியோடு நிற்காமல் மூலப் பத்திரத்தை முழுதும் படிக்க வேண்டும்.

கிரயப் பத்திரத்துல ‘ஃப்ரீ ஃப்ரம் ஆல் சார்ஜஸ்’னு விக்குறவரு எழுதியிருக்காரு. அப்போ ரிஜிஸ்டர் செலவு அவருதானே?

இல்லை. ‘ஃப்ரீ ஆஃப் சார்ஜ்’ என்று கடையில் எழுதினால் இலவசம். பத்திரத்தில் ‘ஃப்ரீ ஃப்ரம் சார்ஜஸ்’ என்றால் போன கேள்வியில் சொன்ன பாரம் எதுவும் நிலத்தின் மேல் இல்லை, அதாவது வில்லங்கம் இல்லை என்ற உறுதிமொழி. செலவைப் பற்றி அந்த வரி எதுவும் பேசவில்லை. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், இரண்டையும் வாங்குகிறவர் கட்டுவதுதான் நம் பக்கத்து வழக்கம். விற்பவர் கட்டுவதாகப் பேசியிருந்தால் அதை ஒப்பந்தத்தில் தனி வரியாக, ‘முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் விற்பவர் பொறுப்பு’ என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.